தொண்டையில் கசந்த கண் மருந்து

“மச்சான், ஒரு சந்தேகம். கண்ணுல மருந்து ஊத்துனா தொண்டையில கசக்குது. நோன்பு முறிஞ்சிடுமா?”

“கசக்குதுன்னா உள்ள போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?”

“அப்ப ஊத்த வேண்டாங்கிறீங்களா?”

“நோன்பு திறந்துட்டு ஊத்திக்கயேன். வைக்கிறேன் அனீஸா, லாரி வந்து நிக்கிது.”

ஒரு நிமிடம்கூட நீடிக்காத பேச்சு. ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உறைபொருள் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்த ஃபாஜில், லாரியிலிருந்து கோழிப் பெட்டிகளை இறக்கச் சொல்லிக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி அந்தப் பதிலைச் சொன்னான். லாரி கிளம்புவதற்குள் அதை மறந்தும் போனான். அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருட ரமலானின் மூன்றாம் நாள்.

அதிராம்பட்டினத்தில் அவன் மனைவி அனீஸா மறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்ததும் கண் மருந்து பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிடுவாள். மாலை பாங்கு சொல்லும்வரை பதினான்கு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு கிடையாது. அதற்கு முன்பெல்லாம் மணிக்கொரு தரம் மருந்து கேட்ட கண் அது. பதினேழாம் நோன்பன்று காலையில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை கருவிழியோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. விரலால் பிரித்தபோது அவள் போட்ட சத்தத்தில் அவளுடைய உம்மா ஹமீதா பானு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ஷார்ஜாவுக்குப் போன் செய்தவரும் அவர்தான்.

ஃபாஜில் இரண்டு மாத அவசர விடுப்பில் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினான். அக்டோபர் ஒன்பதாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. டிக்கெட்டோடு இன்னொன்றையும் அவன் சுமந்து வந்திருந்தான். மூன்று வருடமாக, ஒவ்வொரு விடுப்பிலும் மனைவியிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே திரும்பிப் போன கேள்வி அது. இனிமேல் போகவில்லை, இங்கேயே இருந்துவிடட்டுமா?

இதைக் கேட்க என்ன தயக்கம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தன்று குடி வருகிறவன் மாப்பிள்ளைதான். கட்டில், அலமாரி, கிணற்றடி, கொல்லைப்புறத்துத் தென்னை எல்லாம் அவளுடையவை. மாப்பிள்ளைக்கு உரியது மரியாதை. விடுப்பில் வந்தால் முதல் பந்தியில் அவனுக்குத்தான் கறித் துண்டு, அவன் குளிக்கப் போனால் துண்டு சோப்போடு பின்னால் வரும். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் ஃபாஜில் அந்த வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் இரண்டு வருடம் தேறாது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் துணிமணிகள் எப்போதும் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே கிடக்கும். அந்தத் தெருவில் வேலை நாளில் பகலில் வீட்டில் இருக்கும் ஆண், ஒன்று விடுப்பில் வந்தவனாக இருப்பான், இல்லை நோயாளியாக இருப்பான். விருந்தாளியாக வந்தவன், நான் எழுந்து போகப் போவதில்லை என்று எந்த வாயால் சொல்வான்?

அனீஸா ஒருமுறையாவது இருக்கச் சொல்லியிருந்தால் வேறு. அவள் சொன்னதே இல்லை. அவன் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்துப் பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவளோ, “நேரத்துக்குச் சாப்பிடுங்க, ஏசிக்கு நேரா படுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு நிற்பாள். அவள் கண்ணில் ஈரம் இருக்காது. சரி, இவளுக்கு நாம் இல்லாமலே பழகிவிட்டது என்று ஃபாஜில் நினைத்துக்கொண்டான்.

அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதை அவனுக்குக் காட்டியது தஞ்சாவூரில் ஒரு சின்னக் காகிதத் துண்டு.

கண் டாக்டர் மங்களாம்பிகைக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் அவசரம் இல்லாதவர். அனீஸாவின் கீழ் இமைக்குள் கோடு போட்ட ஒரு காகிதப் பட்டையை மடித்துச் செருகிவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். நல்ல கண் என்றால் காகிதம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டுமாம். எடுத்துப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது.

“அழுதா கண்ணீர் வருதாம்மா?”

“அஞ்சாறு வருஷமா வரதில்ல டாக்டர்,” என்றாள் அனீஸா. “அழுகை வரும். தண்ணி வராது.”

ஃபாஜில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாறு வருடம் என்றால் நான்கு விடுப்பு. நான்கு முறை வாசலில் நின்று வழியனுப்பிய முகம் ஒவ்வொன்றாக வந்து போயிற்று.

டாக்டர் கண்ணில் மஞ்சள் மருந்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் உரிந்த இடம் பச்சையாகத் தெரிகிறது என்று ஃபாஜிலையும் கூப்பிட்டுக் காட்டினார். வலது கண்ணின் நடுவில், ஒரு மிளகு அளவுக்குப் பச்சை.

“மருந்தை நிறுத்தச் சொன்னது யாரு?” என்று டாக்டர் கேட்டார்.

ஃபாஜில் வாயைத் திறப்பதற்குள் அனீஸா பதில் சொல்லிவிட்டாள். “யாரும் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன்.”

அவன் அப்போதே, நான்தான் சொன்னேன் டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்காத கேள்வி ஒன்று ஏற்கெனவே அவனிடம் இருந்தது. அதன் மேல் சொல்லாத குற்றம் ஒன்றும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மங்களாம்பிகை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். இது கண்ணில் மட்டும் உள்ள நோய் இல்லை. உடம்பே தன் சுரப்பிகளைத் தானே தாக்குகிறது. சோறு விழுங்கத் தண்ணீர் தேடுவதும் அதனால்தான். அதற்கு வேறு டாக்டரிடம் மாத்திரை வாங்க வேண்டும். இத்தனை நாள் கடையில் வாங்கி ஊற்றிய சொட்டு மருந்தில், கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமே கண்ணை அரித்திருக்கிறது. இனி அது கலக்காத, ஒருநாள் மட்டும் உபயோகிக்கும் சின்னச் சின்னக் குழாய் மருந்துதான். படுக்கப் போகும்போது களிம்பு. வீக்கத்தைத் தணிக்க இன்னொரு சொட்டு, அது எரியும், பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். காற்றுப் படாமல் பக்கவாட்டில் மூடிய கண்ணாடி. நோயாளி என்பதால் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள், உடம்பில் நீர் வேண்டும் என்றார். கடைசியாக, ஒரு தாளை இழுத்துப் பேனாவால் ஒரு கண்ணை வரைந்தார்.

“உங்க ஊரு கடைமடைதானே? ஆத்துல வர்றதே கொஞ்சம்னா என்ன செய்வாங்க? வடிகாலை அடைச்சு, வந்த தண்ணிய வயல்லயே நிறுத்துவாங்க. கண்ணுக்கும் வடிகால் இருக்கு. இந்தா, மூக்கு ஓரத்துல, இமையில ஊசிமுனையாட்டம் ஒரு ஓட்டை. கண்ணீர் அது வழியாத்தான் மூக்குக்குப் போய்த் தொண்டைக்கு இறங்குது.”

“அதனாலதான் கசக்குதா?” என்று ஃபாஜில் கேட்டான்.

“அதனாலதான். அந்த ஓட்டையை ஒரு சின்ன அடைப்பான் வச்சு அடைச்சிடலாம். ஆனா இப்ப முடியாது. வீக்கம் இருக்கிறப்ப அடைச்சா கெட்ட தண்ணியும் உள்ளயே தேங்கும். அதுவரைக்கும் மருந்து விட்டதும் அந்த இடத்துல ஒரு விரலை வச்சு ரெண்டு நிமிஷம் அழுத்திக்கிட்டாப் போதும். தொண்டைக்கு வராது.”

ஒரு விரல். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஃபாஜில் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். இந்த ஒரு விரல் அன்றைக்கு இங்கே இருந்திருந்தால் போதும்.

ஊருக்கு வந்ததும் மாலை அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசலில் ஆலிம்சாவைப் பார்த்தான். கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் ருசி தெரிந்தாலும் முறியாது, நம் மத்ஹபுச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது என்றார் அவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மீதி நோன்பை விட்டு உடம்பு தேறியபின் வைத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது, இதைக் கேட்க ஒரு போன் போதுமே தம்பி என்று மெதுவாகச் சொன்னார். போன் செய்துதான் இப்படி ஆயிற்று என்று ஃபாஜில் அவரிடம் சொல்லவில்லை.

மறு வாரம் தஞ்சாவூரில் அனீஸாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். புண் ஆறாத கண்ணுக்கு அவளுடைய ரத்தத்திலிருந்தே மருந்து. ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் நீரை மட்டும் எடுத்து, உப்பு நீரில் கலந்து, விரல் நீளப் பாட்டில்களில் அடைத்துக் கொடுத்தார்கள். கண்ணீரில் இருக்கும் சத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறதாம். ஒரு நாளைக்கு எட்டு முறை. உடைக்காத பாட்டில்கள் உறைந்தே இருக்க வேண்டும், உடைத்தது குளிரில் இருக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுப்போகும்.

“ரத்தத்தையா கண்ணுல ஊத்துறது?” என்று ஹமீதா பானு பயந்தார்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான் ஃபாஜில். உருக்கிய நெய்யின் நிறம். அவருக்குக் கொஞ்சம் சமாதானம் ஆயிற்று. ஆனால் உண்மையான கஷ்டம் பாட்டிலில் இல்லை, கரண்டில் இருந்தது. அந்த வருடம் ஊரில் பாதி நாள் மின்சாரம் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த பால் மாலைக்குள் திரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடம் உறைந்த பெட்டிகளோடு வாழ்ந்தவன் ஃபாஜில். அவன் நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போனான். கூடப் படித்த லியாகத் அலிக்கு அங்கே ஐஸ் கம்பெனி. படகுகளுக்கும் மீன் வண்டிகளுக்கும் ஐஸ் போகும் இடம், ஜெனரேட்டர் நிற்காது.

விஷயத்தைக் கேட்ட லியாகத் மீன் ஏற்றும் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொடுத்தான். ஐஸைப் பொடித்து, அதன் மேல் உப்பளத்துக் கல்லுப்பை அள்ளித் தூவினான். வெறும் ஐஸ் கரையும், உப்புப் போட்ட ஐஸ் கல்லாக உறைய வைக்கும். உடைக்காத பாட்டில்கள் உப்பு ஐஸில், அன்றன்றைக்கு எடுக்கும் பாட்டில் வெறும் ஐஸ் போட்ட சின்ன ஃப்ளாஸ்கில் என்று ஃபாஜிலே முறை வகுத்தான்.

“ஷார்ஜாவுல எவனோ திங்கிற கோழிக்குக் காவல் இருக்கிறதுக்கு,” என்றான் லியாகத், “இங்க நம்ம மீனுக்கு இருக்கலாம்லடா. போன லீவுலயும் சொன்னேன், அதுக்கு முந்துன லீவுலயும் சொன்னேன். குளிர் அறை கட்டப் போறேன், பாத்துக்க ஆள் இல்ல.”

“வீட்டுல கேக்கணும்.”

“அதைத்தான் மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கே.”

காலையும் மாலையும் ஃபாஜில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் மாற்றப் போய் வந்தான். எவ்வளவு கழுவினாலும் மீன் வாசம் போகவில்லை. எதிர்வீட்டு மாமி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் ஹமீதா பானுவிடம் கேட்டார், என்ன இது, உங்க வீட்டு மாப்பிள்ளை வேளைக்கு ஒரு பெட்டி மீன் திங்கிறாரா என்று. பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்பிய வீடுகளிலிருந்தெல்லாம் பாத்திரம் திரும்பியபோது, ஒரு துண்டு வஞ்சிரம் வைக்கக் கூடாதா என்ற செய்தியும் சேர்ந்து வந்தது. அனீஸா கண்ணை மூடியபடியே சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

எட்டு முறை மருந்து ஊற்றும் வேலையை ஃபாஜில் யாரிடமும் கொடுக்கவில்லை. அவள் தலையைச் சாய்த்ததும் ஒரு சொட்டு. பிறகு மூக்கு ஓரத்தில், இமையின் மூலையில், ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி இரண்டு நிமிடம். முதல் நாள் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. திருச்சி விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள், இன்னும் என்ன கூச்சம் என்று நினைத்தாலும் இருந்தது. விடுப்புகளில் ஊர்க் கல்யாணமும் விருந்தும் போக, இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் இரண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு அவர்கள் இருந்ததே இல்லை. அவள் புருவத்தில் இரண்டு நரைமுடி இருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

“கசக்குதா?” என்பான்.

“இல்ல,” என்பாள்.

நாளுக்கு எட்டு முறை இதே கேள்வி, இதே பதில்.

பகலில் வீட்டில் இருந்ததால் மற்றவையும் கைக்கு வந்தன. அடுப்பு வெக்கையில் அனீஸா நிற்கக் கூடாது என்பதால் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். உப்பு, மூடியில்லாத பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. ஹமீதா பானு முதலில் பதறினார், மாப்பிள்ளை அடுப்படிக்குள் வரலாமா என்று. ஒரு வாரம் கழித்து, “மாப்பிள்ளை, வெங்காயம் பொடிசா நறுக்குங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் புண் ஆறவில்லை. இரண்டாவது வாரம் போனபோதும் அதே மிளகு அளவுப் பச்சை. மூன்றாவது வாரம் ஓரம் இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. எரியும் மருந்தை விட்டால் அனீஸா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தவள், வெளிச்சத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய அறையில் கிடந்தாள். அவளிடம் படித்த பெண்கள் வந்து வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆறாவிட்டால் இமைகளை ஓரத்தில் பாதி தைத்து மூட வேண்டி வரும், கண் மூடியிருந்தால்தான் காயம் ஆறும், வேண்டாத வழிதான், ஆனால் கண்ணைக் காப்பாற்ற அதையும் செய்வோம் என்றார் மங்களாம்பிகை. சின்ன வயதிலேயே கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டால் அப்புறம் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை.

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். ஜூனில் திறக்க வேண்டிய மேட்டூர் அந்த வருடம் திறக்கவில்லை. வழியெல்லாம் குறுவை இல்லாத வயல்கள் வெடித்துக் கிடந்தன. அனீஸா பார்க்கவில்லை, கண்ணில் கட்டு. ஃபாஜில்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஜன்னலைப் பாதி திறக்கச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, காலையில் இமை ஒட்டவில்லை என்றாள். செப்டம்பர் நடுவில் நீல வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், ஃபாஜிலைக் கூப்பிட்டார். மிளகு கடுகாகியிருந்தது.

“யாரு மருந்து ஊத்துறது?” என்று கேட்டார்.

“இவங்கதான்,” என்றாள் அனீஸா.

“ஒரு வேளைகூட விடலன்னு தெரியுது. இதே மாதிரி ஊத்துங்க.”

ஃபாஜிலுக்கு ஷார்ஜாவில் கொடுத்த சிறந்த ஊழியர் சான்றிதழ் எல்லாம் அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம், விமானத்துக்கு ஆறு நாள் இருந்தபோது அவர்கள் மறுபடி தஞ்சாவூர் போனார்கள். பச்சை எங்கேயும் இல்லை. வீக்கமும் தணிந்திருந்தது. மங்களாம்பிகை அரிசி நுனியைவிடச் சின்ன அடைப்பான்களை இடுக்கியில் எடுத்து, இரண்டு கண்ணின் கீழ் இமையிலும் வைத்தார். வைத்தது தெரியவில்லை என்றாள் அனீஸா. ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுக் காகிதப் பட்டையைச் செருகிப் பார்த்தார்கள். நான்கு மில்லிமீட்டர்.

“நாலுதானே, பத்து இல்லையேன்னு நினைக்காதீங்க,” என்றார் டாக்டர். “ஒண்ணுல இருந்து நாலு.”

நோய் போய்விடவில்லை, இது கூடவே வரும் என்றும் சொன்னார். ரத்த மருந்து இன்னும் ஆறு மாதம். எரியும் சொட்டு தொடர வேண்டும். அதற்கப்புறமும் படிக்கச் சிரமம் இருந்தால் சென்னையில் அளவெடுத்துச் செய்யும் பெரிய லென்ஸ் இருக்கிறது, கருவிழியைத் தொடாமல் கிண்ணம் கவிழ்த்தது போல உட்காரும், அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதையும் பார்க்கலாம். வழிகள் தீரவில்லை, தினமும் கவனிக்கக் கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பட்டுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், புது மருந்துப் பாட்டில்கள் வைத்த தெர்மகோல் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். மீன் பெட்டியை உள்ளே ஏற்றக் கூடாது, மேலே போடுங்கள் என்றார்.

“மீன் இல்லண்ணே,” என்றாள் அனீஸா. “என் கண்ணு.”

கண்டக்டர் பக்கவாட்டில் மூடிய அவள் கண்ணாடியையும், மடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த ஃபாஜிலையும் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பஸ் புது ஆற்றுப் பாலத்தில் ஏறியது. ஃபாஜில் மீதியிருந்த ஆறு நாட்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். அனீஸா அவன் முழங்கையைத் தொட்டாள்.

“தண்ணி வந்துருச்சு மச்சான். நுரையோட வருது பாருங்க.”

அவன் திரும்பிப் பார்த்தது தண்ணீரை இல்லை. ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக, அவள் கண்ணைத் திறந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டூர் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சம்பாவுக்காவது ஆகும் என்று முன் சீட்டில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

“அனீஸா,” என்றான். “அன்னைக்கு போன்ல, கசந்தா உள்ள போச்சுன்னு அர்த்தம்னு சொன்னது நான். டாக்டர் கேட்டப்ப வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“தெரியும்.”

“ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?”

அவள் ஜன்னலிலிருந்து முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

“ஆலிம்சா வீடு எங்க வீட்டுல இருந்து மூணாவது வீடு. அவங்க வீட்டம்மாகிட்ட கேட்டா அடுத்த நிமிஷம் பதில் வந்திருக்கும். அது எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா போன்ல என்ன பேசுறோம் சொல்லுங்க. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழையில்ல. உங்ககிட்ட கேக்கறதுக்குன்னு ஒரு கேள்வி கிடைச்சுதேன்னு அன்னைக்கு சந்தோஷமா போன் பண்ணேன். கேள்விய உங்ககிட்ட கேட்டுட்டு, பதிலை வேற ஆள்கிட்ட சரிபாத்தா நல்லாவா இருக்கும்?”

“அதுக்காக கண்ணையா குடுப்பே?”

“லாரி நிக்கிதுன்னீங்களே. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஃபாஜிலால் சிரிக்க முடியவில்லை.

ஒரத்தநாடு பஸ் நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். மருந்து நேரம். ஃபாஜில் ஃப்ளாஸ்கைத் திறந்து பாட்டிலை எடுத்தான். அனீஸா கண்ணாடியைக் கழற்றி, சீட்டில் தலையைச் சாய்த்தாள். வலது கண்ணில் ஒரு சொட்டு. இடது கண்ணில் ஒரு சொட்டு. பழக்கத்தில் அவன் விரல் தானாகவே அவள் கண் ஓரத்தில் போய் நின்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வடிகாலை அடைத்தாகிவிட்டது. இனி இந்த விரலுக்கு அங்கே வேலை இல்லை. அவன் கையை எடுக்கப் போனான்.

“இருக்கட்டும்,” என்றாள் அனீஸா, கண்ணைத் திறக்காமல்.

பூக்காரம்மா ஒருத்தி கூடையோடு ஜன்னலோரம் வந்து பார்த்துவிட்டு, எதுவும் கூவாமல் அடுத்த ஜன்னலுக்குப் போனாள். இரண்டு நிமிடம் முடிந்து மூன்றாவது நிமிடமும் போயிற்று. மூடிய இமையின் ஓரத்தில் ஈரம் திரண்டது. மருந்தா, மருந்து இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே வழியாமல் அது அங்கேயே நின்றது.

“கசக்குதா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“அப்ப இன்னொண்ணு கேக்கட்டுமா?”

“லாரி ஒண்ணும் நிக்கலையே. கேளுங்க.”

ஃபாஜில் மடியிலிருந்த பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தவில்லை. முன் சீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

“ஒம்பதாம் தேதி போகாம, உன் வீட்டுலயே நான் இருந்துடட்டுமா அனீஸா?”